பன்னிரண்டு வோல்ற்றும் ஒரு தீப்பொறியும்

யாழ்ப்பாணத்துப் பண்ணையிலிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை, சரவணை, நாரந்தனை என்னும் ஊர்களின் வழியே செல்வோமாயின், ஊர்காவற்றுறையை அடையுமுன் கரம்பொன் என்னும் ஊர் எதிர்ப்படும். தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகளார் 1913 ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. இவ்வூரிலே ஒருவர் கடுநோய்வாய்ப்பட்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குச் செல்ல நேரின், வந்த வழியே திரும்பிச் செல்லவேண்டும். நள்ளிரவிலே தாம்போதியின் நடுவில் மோட்டார் கார் நின்றுவிடுமாயின் இருமருங்கும் கடலேயன்றி வேறு துணையில்லை. ஆதலால், காரின் உள்ளே தீப்பொறி எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிதல் தீவகத்தாருக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களையே எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தார் தம் பிள்ளைகளைப்போற் பேணிய வண்டிகள் அவை. உள்ளிருப்பதைத் திறந்து பார்க்கவும் இடந்தருவன. காற்றுடன் கலந்த பெற்றோலாவி சிலிண்டரினுள்ளே அமுக்கப்பட்டதும் அதற்கு நெருப்பிடவேண்டும். அவ்வேலை ஸ்பார்க் பிளக்கினுடையது. அதன் நுனியிலுள்ள இரு முனைகளுக்கும் இடைவெளி, மொறிஸ் மைனரில், அங்குலத்தின் ஆயிரத்திலொரு கூறுகள் 25 மாத்திரமே. அச்சிறு வெளியைத் தாண்டுவதற்கும் மின்சாரத்துக்குப் பல ஆயிரம் வோல்ற்று வேண்டும். பற்றறியோ தருவது 12 வோல்ற்று! இவ்விரண்டுக்கும் இடையே நின்று சிறிதைப் பெரிதாக்குவது கொயில் எனப்படும் தூண்டற்சுருள்.

கொயிலின் உள்ளே மெல்லிரும்புத் தகடுகளாலான நடுத்தண்டு ஒன்றுண்டு. அதனைச் சூழச் சில நூறு சுற்றுகள் கொண்ட தடித்த கம்பிச் சுருளொன்றும், பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட, மயிரினும் மெல்லிய கம்பிச் சுருளொன்றும் அமைந்துள்ளன. பொயின்ற் மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் மின்னோட்டம் பாய்ந்து நடுத்தண்டைக் காந்தமாக்குகிறது. பொயின்ற் திறந்தவுடன் அவ்வோட்டம் அறுந்து, காந்தப்புலம் கணத்தில் ஒடுங்குகிறது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்பது மைக்கேல் பரடே 1831 ஆம் ஆண்டு கண்ட உண்மை. மாற்றம் எத்துணை விரைவோ, சுற்றுகள் எத்துணை மிகுதியோ, அத்துணை உயரும் மின்னழுத்தம். நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாயைத் திடீரென அடைத்தால் அது அதிர்ந்து துள்ளுவதைத் தோட்டக்காரர் அறிவர். ஓடும் நீர் தடைப்பட்டதன் வேகமே அது. கொயிலில் நிகழ்வதும் ஏறத்தாழ அத்தகையதே. பொயின்ற் திறக்குமிடத்தில் மின்சாரம் பொறியாய்ச் சிந்திவிடாது தடுத்து, காந்தப்புலத்தை விரைவாக ஒடுங்கச் செய்வது கொண்டென்சர். அது பழுதாயின் கொயில் நன்றாயிருந்தும் பயனில்லை.

இவ்வாறு பிறந்த மின்சாரத்தை டிஸ்ரிபியூட்டர் 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கில் நான்கு பிளக்குகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுமாயின், ஒரே கொயில் வினாடிக்கு 100 பொறிகளைத் தரவேண்டும்!

இங்கே பலர் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. கொயில் எப்போதும் தன் முழுவலியையும் காட்டுவதில்லை; பிளக் கேட்கும் அளவுக்கே அதன் அழுத்தம் ஏறுகிறது. இடைவெளி 5,000 வோல்ற்றில் உடைந்து பொறி பாய்ந்துவிட்டால், அழுத்தம் அதற்குமேற் செல்லாது. முனைகள் தேய்ந்து இடைவெளி அகல அகல, கேள்வியும் ஏறுகிறது; கொயிலின் உட்காப்பு நாளுக்கு நாள் வருந்துகிறது. விலைகுறைந்த பிளக்கை மாற்றச் சோம்பியவர் விலைகூடிய கொயிலை இழப்பது இதனாலேதான். பிளக்கைக் கழற்றி வெளியே பொறி பார்த்துத் திருப்தியடைவதும் போதாது. அமுக்கப்பட்ட வாயுவினுள்ளே பொறி பாய்வதற்கு வெளிக்காற்றில் வேண்டுவதிலும் மிகுந்த அழுத்தம் தேவை. மாணவர்கள் அச்சோதனையைத் தாமே செய்ய முற்படாதிருத்தல் நன்று. கை தொட்டால் அதிர்ச்சி கடுமையாயிருக்கும்.

பிளக்குகளுக்குப் பெருஞ்சோதனை வந்தது 1990 ஆம் ஆண்டின் பின்னரே. அவ்வாண்டு போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. தீவக மக்களுட் பெரும்பாலோர் வீடுவாசலை விட்டுக் குடாநாட்டுக்கும் அப்பாலும் இடம்பெயர்ந்தனர். குடாநாட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரங்களில் தோட்டக்காரர் நெடுங்காலம் கையாண்டுவந்த முறையே அது. குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே அம்முறையின் காரணம். அமுக்கவிகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அவ்வெரிபொருளைப் பொறுத்துக்கொண்டன. ஆயினும், அரைகுறையாய் எரிந்த எண்ணெய் பிளக்கின் பீங்கானிற் கரியாய்ப் படிந்தது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே, கொயிலின் அழுத்தம் ஏறுமுன்னே மின்சாரம் கரிவழியே கசிந்துவிடும். இடைவெளியிற் பொறி தோன்றாது. பிளக்கைக் கழற்றித் துலக்குவது ஓயாத வேலையாயிற்று. நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்ற கார்களும் அவைதாம்.

கடலோரத்து உப்பீரமும் இதே தீங்கைச் செய்யவல்லது. வாடைக்காற்றுக் காலத்தில் பிளக்கின் வெளிப்பீங்கானிலும் டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் படியும் ஈரம் மின்சாரத்துக்குப் புறவழி காட்டுகிறது. காலையிற் புறப்படுமுன் உலர்ந்த துணியால் அவற்றைத் துடைத்துவிட்டாற் பெரும்பாலும் போதும்.

இக்காலக் கார்கள் பலவற்றில் பொயின்றும் இல்லை, டிஸ்ரிபியூட்டரும் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் கொயில் அமர்ந்திருக்க, மின்னணுக் கருவி அவற்றை ஆள்கிறது. பழைய வண்டியிலோ பழுதை இன்னவிடத்தது என ஊகித்தறியலாம். ஒரு சிலிண்டர் மாத்திரம் தவறுமாயின் அதன் பிளக்கையோ வயரையோ பார்க்கவேண்டும். நான்கும் ஒருங்கே ஓய்ந்தால், நான்குக்கும் பொதுவான கொயில், கொண்டென்சர், பொயின்ற் ஆகியவற்றை ஆராயவேண்டும். பிளக்கின் நுனி இளங்கபிலமாயிருப்பின் நலம், உலர்ந்த கரியாயின் எரிபொருள் மிகுதி, எண்ணெய்ப் பிசுக்காயின் எஞ்சின் தேய்வு, வெளிறியிருப்பின் மிகுசூடு. சிறிது தூரம் ஓடிச் சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும் கார்களும் உள. அத்தகையவற்றிற் கொயிலின் உட்காப்பு வெடித்திருத்தல் கூடும். அப்போது கொயிலின்மேல் ஈரத்துணியைச் சுற்றி, ஆறும்வரை பொறுத்திருந்து, மெல்ல ஓட்டி அடுத்த கராஜைச் சேரவேண்டியதுதான்.