வளையலை அடகு வைக்கும் முன்...

எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் பனியன் கம்பெனி டெய்லருக்கு ஜோர்டானில் வேலை என்று ஒரு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்டாராம். "விசிட் விசாவுல போயிடலாம், அங்க போய் மாத்திக்கலாம்" என்றாராம். அவர் மனைவி வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள். "அவசரப்படாதே கண்ணு" என்று நிறுத்தி, மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்த்தோம். லைசென்ஸ் பட்டியலில் அந்த ஏஜெண்ட் பெயரே இல்லை!

1983-ம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி, லைசென்ஸ் உள்ளவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், ரசீதும் தரவேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 'ஈ.சி.ஆர்.' வகை. அவர்கள் ஜோர்டான், மலேசியா, சவூதி உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். இந்த அலுவலகம் சென்னையிலும் உள்ளது. அங்கே வேலை ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பார்கள். 10 லட்சம் ரூபாய் இன்சூரன்ஸும் உண்டு. விசிட் விசாவில் போய் வேலை செய்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. சம்பளம் தராவிட்டாலும் யாரிடம் கேட்பது?

சகோதரிகளே, வெளிநாட்டு ஆசை தப்பில்லை. ஆனால், வீட்டு நகை வெளியே போகும் முன் லைசென்ஸ் நம்பரைக் கேட்டு வாங்குங்கள்!

- ஒரு வாசகி, திருப்பூர்.