'லாங்குவேஜ்' என்றால் என்ன? திருத்தணிக்கு அது எல்லைக் கோடு

"மைண்ட் யுவர் லாங்குவேஜ்" என்று ஒருவர் எகிறினால், அவர் தமிழையோ தெலுங்கையோ சொல்லவில்லை. வாயை அடக்கிப் பேசு என்கிறார். பைத்தானும் லாங்குவேஜ்தான், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் பாடி லாங்குவேஜ்தான். லத்தீனில் 'லிங்குவா' என்றால் நாக்கு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம்ம 'மொழி' வேற ரூட்: அதற்குச் 'சொல்' என்றும் பொருள். பழமொழி, உறுதிமொழி எல்லாம் அப்படித்தான்.

இதே வார்த்தை அரசாங்கப் படிவத்தில் ஏறினால் மேட்டர் சீரியஸ். 1953-ல் ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார் உள்ளிட்டோர் போராடினார்கள். மத்தியஸ்தம் செய்த பட்டாஸ்கர், கிராமத்தை அலகாக எடுத்தார். அங்கே எந்த மொழிக்காரர்கள் அதிகம், ஊர் எந்தப் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திராவிலேயே நின்றது.

இதில் ஒரு இடிக்கிற விஷயம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்று ஒருவருக்கு ஒன்றுதான் பதிவாகும். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ் என்று இரண்டிலும் சரளமாக வாழும் எல்லையோரக் குடும்பமும், கேட்டால் ஒன்றைத்தான் சொல்லியாக வேண்டும்.