ஓடும் பாரம்பரியத்துக்கு யார் விலை கொடுப்பது?

இங்கிலாந்தின் டான்காஸ்டர் பணிமனையில் 1923-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு நீராவி என்ஜின் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு ஆன செலவு 7,944 பவுண்டு. நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றபோது, 1963-இல் அது 3,000 பவுண்டுக்கு விலைபோனது. 2004-இல் அதே என்ஜினை பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் சுமார் 23 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அதனை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவர மேலும் 42 லட்சம் பவுண்டு செலவாயிற்று. 2016 பிப்ரவரி 25 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து யார்க் நகருக்கு, விரைவு ரயில்கள் ஓடும் முதன்மைப் பாதையில், பயணிகளுடன் அது மீண்டும் புறப்பட்டது.

அந்த என்ஜினின் பெயர் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்'. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் மேற்சொன்ன எண்கள் வியப்பளிப்பவை. இயந்திரம் எதுவாயினும் ஆண்டுதோறும் தேய்மானம் கண்டு, இறுதியில் பழைய இரும்பின் விலைக்கு வந்து சேரும் என்பது கணக்கியலின் பாலபாடம். இந்த இயந்திரமோ பயன்பாட்டை இழந்த பிறகு மதிப்பில் உயர்ந்தது. அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் விலை கொடுக்க வேண்டும் என்ற கேள்விகள் ரயில் ஆர்வலர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பழைமையைக் காக்க விரும்பும் எந்தச் சமுதாயமும் இவற்றைச் சந்தித்தே ஆகவேண்டும்.

நைஜல் கிரெஸ்லி என்ற பொறியாளர் வடிவமைத்த விரைவு என்ஜின் வகையைச் சேர்ந்தது இது. 1928 மே மாதம் லண்டனிலிருந்து எடின்பரோ வரை, ஏறத்தாழ 630 கிலோமீட்டரை, இடையில் எங்கும் நில்லாமல் கடந்த முதல் சேவையை இழுத்தது. ஓடும்போதே ஓட்டுநர்கள் மாறிக்கொள்ள வசதியாக, கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டியின் ஊடே ஒரு குறுகிய நடைபாதை அமைக்கப்பட்டிருந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே அமைந்த நீண்ட நீர்த்தொட்டிகளிலிருந்து, வேகம் குறையாமலேயே தண்ணீரை அள்ளிக்கொண்டது. 1934 நவம்பரில் மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டியது. முறையாகப் பதிவு செய்யப்பட்ட வகையில் அந்த வேகத்தைத் தொட்ட முதல் நீராவி என்ஜின் என்ற பெருமை இதனுடையது.

இத்தனை புகழ் இருந்தும் 1963-இல் 3,000 பவுண்டுதான் கிடைத்தது. ஏன்? அப்போது பிரிட்டிஷ் ரயில்வே டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான நீராவி என்ஜின்கள் உடைப்புக்குச் சென்றுகொண்டிருந்தன. அளிப்பு மிகுந்திருக்கும்போது அருமை தெரிவதில்லை. இன்று, கிரெஸ்லியின் அந்த வகையில் கட்டப்பட்ட சுமார் 80 என்ஜின்களில் எஞ்சியிருப்பது இது ஒன்றே. அன்று அதை வாங்கிய ஆலன் பெக்லர் என்ற தொழிலதிபர் முன்வராமல் இருந்திருந்தால், இதுவும் உருக்காலைக்குப் போயிருக்கும்.

அவருக்கு நேர்ந்த கதி என்ன என்பதையும் சொல்ல வேண்டும். பெக்லர் தம் என்ஜினைச் சுற்றுலா ரயில்களில் ஓட்டினார். 1968-இல் பிரிட்டிஷ் ரயில்வே நீராவிக்கு முற்றுப்புள்ளி வைத்த பிறகும், முன்பே செய்திருந்த ஒப்பந்தத்தால் இதை ஓட்ட முடிந்தது. 1969-இல் பிரிட்டிஷ் பொருள்களுக்கான விளம்பர வண்டியாக அதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். தொடக்கத்தில் அரசின் ஆதரவு இருந்தது. ஆட்சி மாறியதும் அது நின்றது. கடன் பெருகி, 1972-இல் அவர் திவாலானார். கடல் கடந்து சிக்கிக்கிடந்த என்ஜினைக் கட்டுமானத் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கால்பைன் 25,000 பவுண்டு கொடுத்து மீட்டு, 1973-இல் தாயகம் சேர்த்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைப் பேணிய அவரிடம் வேறு செல்வம் இருந்தது. 1996-இல் அதை வாங்கிய டோனி மார்ச்சிங்டன் ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு செலவிட்டுச் சீரமைத்து, பங்கு வெளியிட்டு அதை ஒரு நிறுவனமாகவே நடத்திப் பார்த்தார். 2003-இல் அவரும் திவாலானார்.

ஒரே என்ஜின் இரண்டு உரிமையாளர்களைத் திவாலாக்கியதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அதன் வரவு-செலவின் அமைப்பே அத்தகையது.

முதலில் செலவைப் பார்ப்போம். நீராவி என்ஜினின் இதயம் கொதிகலன். நெருப்பும் நீரும் உயர் அழுத்தமும் ஒன்றுசேரும் இடம் அது. ஒவ்வொரு முறை சூடேறிக் குளிரும்போதும் உலோகம் விரிந்து சுருங்குகிறது, தண்ணீரில் உள்ள உப்புகள் படிகின்றன, அரிப்பு தொடங்குகிறது. வெடித்தால் உயிர்ச்சேதம் நிச்சயம் என்பதால், பிரிட்டனில் கொதிகலனுக்கு வழங்கப்படும் சான்றுக்குக் காலவரம்பு உண்டு. பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கொதிகலனைச் சட்டகத்திலிருந்து கழற்றி, நெருப்புக்குழாய்களை உருவி, ஒவ்வொரு பகுதியையும் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். கதவைத் திறந்து பார்த்தால்தான் வீட்டின் நிலை தெரியும் என்பதைப்போல, பிரித்துப் பார்க்கும்வரை செலவு எவ்வளவு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனைச் சீரமைக்கும் வேலை 2006-இல் தொடங்கியபோது ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடும் என்றே எண்ணினர். சட்டகத்தில் விரிசல்கள் தென்பட்டன. ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று வெளிப்பட்டது. வேலை முடியப் பத்து ஆண்டுகள் ஆயின. செலவு ஏன் கட்டுமீறியது என்பதை ஆராய்ந்து அறிக்கை தருமாறு அருங்காட்சியகமே வெளியாரை அமர்த்தும் நிலை ஏற்பட்டது.

முதன்மைப் பாதையில் ஓடுவதென்றால் செலவு இன்னும் கூடும். மற்ற ரயில்களுக்குரிய பாதுகாப்புக் கருவிகள் இதற்கும் வேண்டும்: சிவப்பு சைகையைத் தாண்டினால் தானாக நிறுத்தும் கருவி, வேகத்தைப் பதியும் கருவி, வானொலித் தொடர்பு. அன்று நிலையந்தோறும் இருந்த நீர்க்குழாய்களும் பாதையிடை நீர்த்தொட்டிகளும் இன்று இல்லை. பின்வண்டியில் கொள்வது 5,000 கேலன். நூறு மைலுக்குச் சற்று அதிகமாக ஓடினாலே அது தீர்ந்துவிடும். ஆகவே குறித்த இடங்களில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து காத்திருக்க வேண்டும். பழைய பெட்டிகளின் கதவுகளும் இப்போது சிக்கலாகியிருக்கின்றன. எல்லாக் கதவுகளையும் ஒருங்கே பூட்டும் அமைப்பு வேண்டும் என்று ரயில் பாதுகாப்பு ஒழுங்காற்று அமைப்பு வற்புறுத்த, சுற்றுலா ரயில் நிறுவனம் ஒன்று நீதிமன்றம் சென்றது. 2023 டிசம்பரில் தீர்ப்பு ஒழுங்காற்று அமைப்புக்குச் சாதகமாக அமைந்தது. பாரம்பரியம் என்பதற்காகப் பயணியின் உயிருக்கு வேறு அளவுகோல் வைக்க முடியாது என்பது சரியான நிலைப்பாடே. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு.

இனி வரவு. சுற்றுலா ரயிலில் சில நூறு பேர் பயணச்சீட்டு வாங்கிச் செல்கின்றனர். வழிநெடுகப் பாலங்களிலும் வயல்களிலும் நடைமேடைகளிலும் பல்லாயிரம் பேர் நின்று பார்க்கின்றனர். 2016-இல் அந்த முதல் பயணத்தின்போது கூட்டம் தண்டவாளத்துக்கே இறங்கிவிட்டதால், வண்டியை இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. பார்த்து மகிழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் ஒரு பென்னிகூடச் செலுத்தவில்லை; செலுத்தச் சொல்வதற்கும் வழியில்லை. ஒருவர் பார்ப்பதால் இன்னொருவர் பார்ப்பது குறைவதில்லை. பணம் தராதவரைத் தடுக்கவும் முடிவதில்லை. இத்தகையவற்றையே பொருளாதாரம் 'பொதுப் பண்டம்' என்கிறது. கலங்கரை விளக்கத்தின் ஒளி பாடநூல்களில் வரும் உதாரணம்; நீராவி என்ஜினின் ஊதல் ஒலியும் அதே இனம்தான். இவ்வளவும் போதாதென்று, ஒருநாளும் அதைப் பார்க்கப் போகாதவருக்கும் 'அது இருக்கிறது' என்பதில் ஒரு நிறைவு உண்டு. அதை 'இருப்பு மதிப்பு' என்பர்.

பயன் சமுதாயம் முழுவதற்கும் பரவ, செலவு மட்டும் ஒருவர் தலையில் விழுமானால், அந்த ஒருவர் பெக்லரைப்போல வீழ்வார் அல்லது மெக்கால்பைனைப்போல வேறு வருமானத்திலிருந்து ஈடுகட்டுவார். பயணச்சீட்டு வருமானம் அன்றாடச் செலவைத் தாங்கலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெருஞ்செலவை அது தாங்குவதில்லை. 2004-இல் நடந்த கொள்முதல் இந்த உண்மையை ஒப்புக்கொண்டது. தேசியப் பாரம்பரிய நினைவு நிதியம் 18 லட்சம் பவுண்டு அளித்தது. பொதுமக்கள் நன்கொடை தந்தனர். அதற்கு இணையான தொகையை ரிச்சர்ட் பிரான்சன் வழங்கினார். பொதுப் பண்டத்துக்குப் பொதுப்பணமும் மனமுவந்த கொடையும் சேர்ந்து விலை கொடுத்தன.

இதற்கு மறுப்பும் உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அந்த 42 லட்சம் பவுண்டில் எத்தனை பள்ளிகளுக்குக் கூரை வேய்ந்திருக்கலாம்? நிலக்கரியைக் கைவிட முனையும் காலத்தில் அதை எரித்து வேடிக்கை காட்டலாமா? பிரிட்டனில் நீராவி ரயில்களுக்குக் கரி தந்துவந்த வேல்ஸ் பகுதிச் சுரங்கம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது. கரியை இறக்குமதி செய்ய வேண்டியிருக்கிறது. மேலும், சக்கரம் முதல் கொதிகலன் வரை பல பாகங்கள் மாற்றப்பட்ட பின் அது 1923-இல் கட்டிய அதே என்ஜின்தானா? கண்ணாடிக் கூடத்தில் நிறுத்தி வைத்தால் செலவும் இல்லை, தேய்வும் இல்லையே என்பர்.

கரியைப் பொருத்தவரை, ஆண்டில் சில பயணங்கள் ஓடும் ஒரு என்ஜினின் புகை, நாட்டின் மொத்தக் கணக்கில் புள்ளியளவே. பள்ளியா என்ஜினா என்ற கேள்விக்கு, பள்ளி என்றே நானும் விடை சொல்வேன். ஆனால் பாரம்பரிய நிதியத்தின் பணமும் நன்கொடையாளரின் பணமும் பள்ளிக்கூரைக்கென ஒதுக்கப்பட்டவை அல்ல. அவற்றை ஓவியத்துக்குச் செலவிடலாம், கோட்டைக்குச் செலவிடலாம், என்ஜினுக்கு மட்டும் கூடாது என்பதற்கு நியாயம் வேண்டும். நிறுத்தி வைக்கலாமே என்ற வாதமே வலுவானது. அதற்கு விடை, நாம் எதைக் காக்கிறோம் என்பதைப் பொருத்தது.

நிற்கும் என்ஜின் இரும்பைக் காக்கிறது. ஓடும் என்ஜின் அறிவைக் காக்கிறது. நெருப்பைப் பரவலாக, மெல்லியதாக வளர்ப்பது, மேடு வருமுன் அழுத்தத்தைக் கூட்டி வைப்பது, செம்புத் தகட்டில் விழுந்த விரிசலைப் பற்றவைப்பது போன்றவை நூலில் படித்து வருபவை அல்ல. கைப்பழக்கம் ஒரு தலைமுறை அறுந்தால் அந்த அறிவும் அறுந்துவிடும். பிரிட்டனில் 'டொர்னாடோ' என்ற விரைவு நீராவி என்ஜினை ஆர்வலர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து, மாதச் சந்தா திரட்டி, 1990 முதல் 18 ஆண்டுகள் உழைத்துப் புதிதாகவே கட்டினர். பழையவற்றை ஓடவைத்துத் திறமையைக் காத்துவந்த பணிமனைகள் இல்லையென்றால் அது நடந்திருக்காது.

இதற்குச் சான்று தேடி நாம் இங்கிலாந்து வரை போகவேண்டியதில்லை. லீட்ஸ் நகரில் 1855-இல் கட்டப்பட்ட 'ஃபேரி குயின்' 1997-இல் மீண்டும் தில்லி-ஆல்வார் தடத்தில் சுற்றுலா ரயிலை இழுத்தபோது, ஓடும் நிலையிலிருந்த உலகின் மிகப் பழைய நீராவி என்ஜின் என்று அது கின்னஸ் நூலில் இடம்பெற்றது. பின்னாளில் பழுதுற்றுக் கிடந்த அதை மீட்டு, 2017-இல் திரும்ப ஓடவைத்தவர்கள் நம் பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள். நீலகிரி மலை ரயிலுக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய நீராவி என்ஜின்களையே கட்டித் தந்திருக்கிறது. மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைப்பாதையில் நீராவி ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அந்தத் தொழிலறிவு இங்கே உயிரோடிருக்கிறது. அந்த ரயிலின் நட்டக் கணக்கைப் படிக்கும்போது, அதில் பதிவாகாத இந்த வரவையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் தன் நூற்றாண்டை 2023-இல் கொண்டாடியது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே மீண்டும் பணிமனைக்குச் சென்று வந்தது, இனியும் செல்லும். ஒவ்வொரு சான்றுக் காலம் முடியும்போதும் இன்னொரு முறை செலவிடலாமா என்ற கேள்வி எழும். லாபம் வரும் என்று சொல்லி அதற்கு இசைவு பெறுவது மக்களை ஏமாற்றுவதாகும். நட்டம் வருகிறது என்று சொல்லி அதை நிறுத்துவது கணக்கைப் பாதியில் முடிப்பதாகும். இத்தனை செலவாகும், இன்ன பயன் கிடைக்கும், இன்னார் கொடுக்க வேண்டும் என்று வெளிப்படையாக எடுத்து வைத்து, மக்களைத் தீர்மானிக்கச் சொல்வதே முறை. அப்படிக் கேட்டபோது 2004-இல் பிரிட்டிஷ் மக்கள் தம் பையிலிருந்து பணம் எடுத்துத் தந்தனர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.