வந்த மழை தெரியும்... போன ஈரம் தெரியுமா?

கரிசல் மண்ணின் ஈரக்கணக்கில் கைகொடுக்கும் செயற்கைக்கோள்

விளாத்திகுளம் வட்டாரத்து மானாவாரிச் சம்சாரிக்குப் புரட்டாசியில் ஒரே கவலை, ‘மழை எப்போ இறங்கும்?’ கார்த்திகையில் கவலை மாறிவிடும். உளுந்து, பாசி, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் முளைத்து நிற்கும்போது மழை இரண்டு வாரம் ஒதுங்கிவிட்டால், ‘அடி ஈரம் இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?’ என்பதுதான் கேள்வி. மழைமானி இதற்குப் பதில் சொல்லாது. அது வரவை மட்டுமே காட்டும். செலவைக் கணக்கெடுக்கச் செயற்கைக்கோள் உதவுகிறது.

ஆவியாகும் செலவு

நிலத்தில் விழும் மழையில் ஒரு பங்கு ஓடைகளில் இறங்கி, கண்மாய்க்கும் வைப்பாற்றுக்கும் போகிறது. ஒரு பங்கு மண்ணில் தங்குகிறது. மண்ணில் தங்கியதும் நிலைப்பதில்லை. மண் பரப்பிலிருந்தும் பயிரின் இலை வழியாகவும் ஆவியாகிறது. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. ஆவியானால் சுமார் 4,000 லிட்டர் போய்விடும். நாளுக்கு 4 மி.மீ. என்றால் 16,000 லிட்டர்!

மண்பானைச் சூட்சுமம்

மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. பயிரும் அப்படித்தான். வேரில் ஈரம் இருக்கும்வரை இலை குளிர்ந்திருக்கும். ஈரம் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், இலை சூடேறும்.

இந்தச் சூட்டை லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் வானிலிருந்தே அளக்கின்றன. இரண்டும் மாறி மாறி 8 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கின்றன. வெயிலில் கிடைத்த வெப்பத்தில் மண்ணையும் காற்றையும் சூடாக்கியதைக் கழித்தால், மிச்சம் தண்ணீரை ஆவியாக்கச் செலவானது. அதை மி.மீ. கணக்காக மாற்றுகிறார்கள். இதோடு மழையளவு, மண் வகை, நிலச்சரிவு ஆகியவற்றையும் சேர்த்தால், மண்ணில் எவ்வளவு ஈரம், ஓடையில் எவ்வளவு நீர் என்று கணினி மதிப்பிடும். ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம் இப்படிப்பட்ட மதிப்பீடுகளை ‘புவன்’ இணையதளத்தில் வெளியிடுகிறது.

எங்கே சறுக்கும்?

வெப்பம் அளக்கும் கருவிக்கு மேகத்தை ஊடுருவத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடினால் படம் கிடைக்காது. 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘நிசார்’ ரேடார் செயற்கைக்கோள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும். ஆனால், ரேடாருக்குத் தெரிவது மேல்மண்ணின் சில சென்டிமீட்டர் ஈரம்தான். கரிசலோ மேலே காய்ந்து, அடியில் ஈரம் பிடித்திருக்கும் மண்.

இன்னொரு சிக்கல், லேண்ட்சாட் வெப்பப் படத்தின் ஒரு புள்ளி சுமார் இரண்டரை ஏக்கர். இரண்டு ஏக்கர் உளுந்தும், பக்கத்துப் புஞ்சையின் சீமைக்கருவேலமும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும். ஆழ வேர் விட்ட கருவேலம் குளிர்ந்து நிற்க, உளுந்து வாடுவது படத்தில் மறைந்துபோகும்.

சம்சாரி போட வேண்டிய கணக்கு

அதனால், வட்டாரத்தின் நிலைமைக்குச் செயற்கைக்கோள், சொந்தப் புஞ்சைக்குச் சொந்தக் கணக்கு. நேரான சுவருள்ள ஒரு டப்பாவைத் திறந்தவெளியில் வைத்து, மழை நின்றதும் ஸ்கேலால் அளந்து எழுதி வைக்கலாம். உதாரணமாக, 60 மி.மீ. பெய்து 15 மி.மீ. ஓடிவிட்டால் மிச்சம் 45. நாளுக்கு 4 முதல் 5 மி.மீ. செலவானால், புது ஈரம் 9 முதல் 11 நாள் வரும். பழைய ஈரம் தனி. சரிபார்க்க, மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டி மண்ணைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

வரவைக் கூட்டப் பகுதிப் பாத்தி. செலவைக் குறைக்க, வெடிப்பு விழும் முன்பே இடையுழவு. வெடிப்பு வழியே அடி ஈரமும் ஆவியாகிவிடும் என்பதைக் கரிசல்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

‘காப்பீட்டுக்கு இது உதவுமா?’

உதவும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பருவத்தின் நடுவே வறட்சி வந்து, எதிர்பார்க்கும் மகசூல் வழக்கத்தில் பாதிக்கும் கீழே போகும் நிலை இருந்தால், வரக்கூடிய இழப்பீட்டில் 25 சதவிகிதம் வரை முன்கூட்டியே தர வழி இருக்கிறது. அதை முடிவு செய்ய மழையளவோடு செயற்கைக்கோள் படங்களையும் பார்க்கிறார்கள். அந்த மதிப்பீடு தனி ஆளுக்கானதல்ல, பகுதிக்கானது. எனவே, ஊரே சேர்ந்து தேதி வாரியாக மழைக்கணக்கு எழுதி வைத்திருந்தால், வேளாண்மைத் துறையிடம் பேசும்போது கையில் பிடிமானம் இருக்கும்.