குழந்தையின் அருகே ஓர் உளவியல் பட்டதாரி

டில்லி, மும்பை, பெங்களூர் போன்ற பெருநகரங்களின் தனியார் பள்ளிகளில் ஆசிரியரைத் தவிர இன்னொருவரும் வகுப்பில் அமர்ந்திருப்பதை இன்று காணலாம். ஆட்டிசம் அல்லது கவனக் குறைபாடு உள்ள ஒரு குழந்தைக்கு உதவுவதற்கென அமர்த்தப்பட்டவர் அவர். 'நிழல் ஆசிரியர்' என்று அவரை அழைப்பது வழக்கமாகிவிட்டது. இப்பணிக்கு வருவோரில் உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்ற இளைஞர்கள் பலர். முதுநிலைப் படிப்பில் சேருமுன் அனுபவம் தேடி வருபவர்களே அவர்களுள் மிகுதி. பல பள்ளிகளில் ஊதியத்தை அளிப்பது பள்ளி அன்று, பெற்றோரே.

அவர்கள் கற்ற கல்வி வகுப்பறையில் எவ்வாறு பயன்படுகிறது? பாடவேளை மாறும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அலறும் ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். பிறர் கண்ணுக்கு அது பிடிவாதம். உளவியல் பயின்றவரோ அலறலுக்கு முன் நிகழ்ந்தது என்ன, சிறுவன் செய்தது என்ன, பின்னர் விளைந்தது என்ன என்று சில நாட்கள் குறித்து வைக்கிறார். மணியோசையும் அடுத்து வருவது தெரியாத கலக்கமுமே காரணம் எனப் புலப்படுகிறது. அன்றைய பாடவேளைகளைப் படங்களாக வரைந்து மேசையில் ஒட்டியதும் அலறல் படிப்படியாகக் குறைகிறது. எழுதப் பழக்குவதும் இவ்வாறே. முதலில் கையைப் பிடித்து எழுத வைப்பது, பிறகு விரலால் சுட்டிக் காட்டுவது, பிறகு பார்வையால் நினைவூட்டுவது, இறுதியில் விலகிக்கொள்வது என உதவி சிறிது சிறிதாகத் தேய வேண்டும். இப்பணியின் வெற்றி, உதவியாளர் தேவையற்றவராகிவிடுவதில் இருக்கிறது. ஆனால் அக்குழந்தையை நம்பியே அவருடைய ஊதியமும் இருக்கிறது என்பது இவ்வேற்பாட்டின் பெருங்குறை.

மற்றொரு குறை இதனினும் கடியது. உதவியாளர் பக்கத்தில் இருக்கிறார் என்ற துணிவில் வகுப்பாசிரியர் அக்குழந்தையிடம் கேள்வி கேட்பதையே விட்டுவிடுகிறார். உடன் பயில்வோரும் விலகி நிற்கின்றனர். குழந்தை பொதுப் பள்ளியில் இருந்தும் தனிப் பள்ளியில் இருப்பது போலாகிவிடுகிறது.

உளவியல் பட்டம் சிறப்புக் கல்விப் பயிற்சிக்கு ஈடாகாது. எழுத்துகளைப் பிரித்தறிய இயலாத குழந்தைக்குப் படிக்கக் கற்பிக்கும் முறையோ, பிரெயிலோ, சைகை மொழியோ அப்பாடத்திட்டத்தில் பொதுவாக இடம்பெறுவதில்லை. சட்டமும் இவ்வேறுபாட்டை வலியுறுத்துகிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டப்படி, சிறப்பு ஆசிரியர் மறுவாழ்வுத் தொழிலராவார். கழகத்தின் பதிவேட்டில் பெயர் பெறாதவர் அத்தொழிலை நடத்தலாகாது. உளவியலில் பெற்ற பொதுவான இளநிலைப் பட்டம் அப்பதிவுக்குப் போதாது. ஆகவே இவ்விளைஞர்கள் உதவியாளராக மட்டுமே இருக்க இயலும். நடைமுறையிலோ, சிறப்பு ஆசிரியர் இல்லாத பள்ளியில் அவரது பொறுப்பு முழுவதும் இவர்கள் தலையில் விழுந்துவிடுகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்தியது. தொடக்கப் பள்ளியில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஒருவர், உயர்தொடக்க நிலையில் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பு ஆசிரியர் விகிதம் 2022இல் அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இதற்கான பணியிடங்களைத் தோற்றுவிக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. இந்த விகிதக் கணக்கில் உதவியாளர் சேரமாட்டார்.

பணியிடம் தோன்றிய மறுநாளே பயிற்சி பெற்றவர் கிடைத்துவிடுவதில்லை. வகுப்பறையில் ஈராண்டு பழகிய உளவியல் பட்டதாரி சிறப்புக் கல்வியில் பி.எட். பயில முன்வந்தால், அவரைவிடத் தகுதியான மாணவர் அரிது. அவருக்கு உதவித்தொகை அளிப்பதும், பள்ளியே ஊதியம் வழங்கிப் பதிவு பெற்ற சிறப்பு ஆசிரியரின் மேற்பார்வையில் பணியாற்றச் செய்வதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. உதவியாளர் எழுதிவைக்கும் அன்றாடக் குறிப்பேட்டை வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை படித்துக் கையொப்பமிட வேண்டும் என்பதற்கோ செலவே இல்லை.