சுராங்கனியின் தாளமும் வாவிக்கரைப் பறங்கியரும்

சுராங்கனி என்னும் பெண்ணை விளித்துத் தொடங்கும் பாட்டை ஒருமுறையேனும் கேளாத தமிழர் அரியர். ஏ. ஈ. மனோகரன் பாடி இலங்கையிலும் தமிழகத்திலும் பரப்பிய அப்பாட்டு, 1977ஆம் ஆண்டில் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் மலேசியா வாசுதேவன் குரலிலும் ஒலித்தது. சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்த செய்தியே அதன் பொருள். அதற்குமேல் ஆழ்ந்த கருத்து யாதும் அதில் இல்லை. ஆதலின் கற்றோர் பலர் அதனை வெறுங் கேளிக்கைப் பாட்டென ஒதுக்குவர். ஒதுக்குதல் எளிது. ஆயின், அதனைக் கேட்ட மாத்திரத்தே கால்கள் தாமாகவே ஆடத் தொடங்குவது எதனால் என்னும் வினாவுக்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று.

அப்பாட்டின் உயிர் சொல்லில் இல்லை, தாளத்தில் உள்ளது. பைலா எனப்படும் பாட்டு வகையைச் சேர்ந்தது அது. மேலைத்தேய இசை நூலார் ஆறெட்டு என வழங்கும் அளவு பைலாவுக்கு உரியது. ஒரு சுற்றுக்கு ஆறு சிற்றளவுகள். கருநாடக இசை பயின்றோர் இதனைத் திஸ்ர நடை என்று கூறி அமைவர். அது முற்றும் பொருந்தாது. அவ்வாறு சிற்றளவும் மும்மூன்றாக இரு கூறுபட்டு நிற்கும்போதே, உடனிசைக்கும் மேளமோ கித்தாரோ அவற்றை இவ்விரண்டாக மூன்று கூறுபடுத்திக் குறுக்கே செல்லும். ஆறு வரை எண்ணிக்கொண்டு, ஒரு கையால் ஒன்று, நான்கு என்னும் இடங்களிலும், மறு கையால் ஒன்று, மூன்று, ஐந்து என்னும் இடங்களிலும் மேசையில் தட்டிப் பார்ப்போர்க்கு இது தெளிவாகும். இருவகைக் கணக்கும் ஒன்றையொன்று இடறுவனபோலத் தோன்றி, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வந்து கூடும். அவ்விடறலே காலை ஆட்டுவிக்கின்றது. சுரக்கூட்டு மிக எளியது. மூன்று கூட்டுகளை அறிந்த கித்தார்காரர் பெரும்பாலான பைலாப் பாட்டுகளுக்குத் துணை செய்துவிடலாம்.

பைலா என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லினின்றும் பிறந்தது. அதற்கு மூத்த வடிவம் காப்பிரிஞ்ஞா. காப்பிரி என்னும் பெயர் அரபு மூலத்தது. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரை இலங்கையில் அப்பெயரால் அழைத்தனர். அதனோடு போர்த்துக்கேயரின் செல்ல விகுதி சேர்ந்தே காப்பிரிஞ்ஞா ஆயிற்று. பெயரே அவ்விசையின் இரு பெற்றோரையும் காட்டிவிடுகின்றது.

அம்மூத்த வடிவம், அதற்குரிய கிரியோல் மொழிப் பாட்டுகளோடு, மட்டக்களப்புப் பறங்கியர் இல்லங்களிலே நிலைபெற்றது. போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை எழுப்பியது 1628இல். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1638இல். பத்தே ஆண்டுகள்! கோட்டை கைமாறிய பின்னரும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி வாவிக்கரையை விட்டு நீங்கிற்றில்லை. அலுமாரி, கதிரை, சப்பாத்து, பாண் என்று நாள்தோறும் சொல்லும் தமிழரும் அம்மொழிக்குக் கடன்பட்டவரே. தச்சும் கொல்லும் முதலிய கைத்தொழில்களாற் பெயர் பெற்ற பறங்கியர், திருமண வீடுகளில் வயலினும் கித்தாரும் கைம்மேளமும் இசைக்கச் சோடி சோடியாகக் காப்பிரிஞ்ஞா ஆடினர்.

அப்பாட்டுகள் ஆக்கப்பட்ட முறையும் அறியத்தக்கது. நாலடிக் கண்ணிகளே அவற்றின் உறுப்பு. ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் கதைத் தொடர்பு வேண்டுவதில்லை. ஆண் ஒன்று பாடப் பெண் மறுத்துப் பாடுவதும், அவைக்கேற்பப் புதிது புனைவதும் உண்டு. நம்மவர் நாட்டார் கவிகளை எதிரெதிராகப் பாடும் வழக்கோடு இதனை ஒப்பிட்டுக் காண்டல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் ஆங்கில அரசின் அலுவலராயிருந்த இயூ நெவில் இத்தகைய மட்டக்களப்புப் பாட்டுகளைத் திரட்டினார். அவர் சுவடித் தொகுதி இலண்டனைச் சேர்ந்தது. அதிலுள்ள பாட்டுகளை ஆராய்ந்து கென்னத் டேவிட் ஜாக்சன் என்னும் அறிஞர் 1990இல் நூல் வெளியிட்டார்.

1940களில், பொலிஸ் சேவையில் இருந்த வொலி பெஸ்டியன் இத்தாளத்துக்குச் சிங்களச் சொற்களை அமைத்துப் பாடினார். பைலா நாடெங்கும் பரவிற்று. 1970களில் மனோகரன் முதலியோர் வாயிலாகத் தமிழ்ப் பொப் இசையிலும் அது புகுந்தது. கண்ணிகளை வேண்டியவாறு கூட்டியும் மாற்றியும் பாடும் பழைய உரிமை உடன் வந்தமையாலேயே, சுராங்கனி மொழிக்கு மொழி உருமாறியும் சிதையவில்லை.

பாட்டு கடல் கடந்தது. தாளத்தைக் காத்தோரின் மொழியோ ஒடுங்கி வருகின்றது. பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோரில் இளையோர்க்குத் தமிழே வீட்டு மொழியாயிற்று. 2004 மார்கழியில் எழுந்த கடற்பேரலை, அவர்கள் செறிந்து வாழ்ந்த டச்பார் கரையை அழித்துப் பல உயிர்களைக் கொண்டது. வழக்கொழிந்த யாழ்களின் சுருதியைக் கணித்து 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலானந்த அடிகள் தோன்றிய நிலப்பகுதி இது. மறைந்த கருவிக்கு அத்துணை உழைப்பு நல்கிய நிலத்தில், அயல் வீட்டில் இன்றும் ஒலிக்கும் வயலினைச் செவிமடுத்த தமிழர் மிகச் சிலரேயாவர். லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஆய்வாளரே 2010களின் பிற்பகுதியில் வந்து, மட்டக்களப்புப் பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவு செய்தனர். பாட்டியின் மொழியிற் பேச அறியாத பிள்ளைகளும், திருமணப் பந்தலில் வயலின் எழுந்ததும் சோடி சேர்ந்து, அடி பிசகாமல் ஆடுகின்றனர்.