எக்ஸ் என்றால் எக்ஸ்தான்! கணக்குப் போடும் கட்டளைத் திரை

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் கணக்கு நோட்டுடன் வந்து நின்றாள். "அப்பா, சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் இரண்டையும் பெருக்கித் தொகையிடச் சொல்லியிருக்காங்க. எனக்கு மைனஸ் காஸ் 2எக்ஸ் பை 4 வருது. கைடுல சைன் ஸ்கொயர் எக்ஸ் பை 2ன்னு போட்டிருக்கு. நான் எங்கே தப்பு பண்ணினேன்?"

நான் பி.காம். படித்தவன். தொகையிடல் எல்லாம் மறந்து பல வருடம் ஆகிறது. ஆனால் அப்போதுதான் சிம்பை என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்து இரண்டு வாரமாக விளையாடிக் கொண்டிருந்தேன். உடனே லேப்டாப்பைத் திறந்து கணக்கைக் கொடுத்தேன். கைடில் இருந்த விடையே வந்தது. மகளின் விடையும் இதுவும் ஒன்றா என்று கேட்டேன். இல்லை என்று பதில் வந்தது. "பார்த்தாயா, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் அரைப் பக்கத்தை அழித்துவிட்டு, கைடைப் பார்த்து எழுதிக் கொண்டாள்.

மறுநாள் மாலை வந்து சொன்னாள். "அப்பா, என் விடையும் சரிதானாம். கணக்கு மிஸ் இரண்டையும் போர்டில் போட்டுக் காட்டினாங்க."

தவறு செய்தது கம்ப்யூட்டர் இல்லை. அது சொன்னதைப் புரிந்து கொள்ளாத நான்தான். எங்கே சறுக்கினேன் என்று சொல்வதற்கு முன், இந்த சிம்பை என்ன என்று பார்த்துவிடுவோம்.

கால்குலேட்டரில் இருந்து என்ன வேறுபாடு?

கால்குலேட்டருக்கு எண்கள் மட்டுமே தெரியும். 8ன் வர்க்க மூலம் கேட்டால் 2.828427 என்று தசமத்தில் நீட்டும். சிம்பையிடம் கேட்டால் 2√2 என்று, நாம் நோட்டில் எழுதுவது போலவே தரும். எக்ஸ் என்று கொடுத்தால் "அதன் மதிப்பு என்ன?" என்று கேட்காது. எக்ஸை எக்ஸாகவே வைத்துக் கொண்டு விரிக்கும், காரணிப்படுத்தும், வகையிடும், தொகையிடும். இதைத்தான் குறியீட்டுக் கணிதம் என்கிறோம்.

இது புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1968ல் தொடங்கப்பட்ட மாக்சைமா இந்த வகையில் ஒரு முன்னோடி. அதன் வழியில் வந்த மேக்ஸிமா இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. சிம்பை, செக் நாட்டைச் சேர்ந்த ஓண்ட்ரேய் செர்டிக் 2005ல் தொடங்கியது. முழுக்க பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பி.எஸ்.டி. லைசென்ஸ் என்பதால் யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

எப்படி இன்ஸ்டால் செய்வது?

முதலில் பைத்தானை அதன் அதிகாரபூர்வ தளத்தில் இருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். விண்டோஸில் செய்யும்போது, முதல் திரையிலேயே பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தை மறக்காமல் டிக் செய்யுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து கீழ்க்கண்டவாறு தட்டி என்டர் தட்டுங்கள். கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்ய வேண்டும்.

பிப் இன்ஸ்டால் சிம்பை ஐபைத்தான்

முடிந்ததும் ஐசிம்பை (ஐ, எஸ், ஒய், எம், பி, ஒய்) என்று தட்டுங்கள். கட்டளைத் திரை தயார். எக்ஸ், ஒய், இஸட், டி ஆகிய எழுத்துகளை மாறிகளாக அதுவே அறிவித்து வைத்திருக்கும். வெறும் பைத்தானில் இதை நாம்தான் செய்ய வேண்டும். ஐசிம்பையின் வசதியே இதுதான். இன்ஸ்டால் செய்ய விருப்பம் இல்லாதவர்கள் பிரவுசரிலேயே இயங்கும் சிம்பை லைவை முயன்று பார்க்கலாம்.

முதல் கட்டளைகள்

எக்ஸ்பேண்ட்((எக்ஸ் + 1)**3) என்று கொடுத்தால், எக்ஸ்**3 + 3*எக்ஸ்**2 + 3*எக்ஸ் + 1 என்று விரித்துத் தரும். திரையில் அடுக்குகள் மேலே ஏறி அழகாகத் தெரியும்.

ஃபேக்டர்(எக்ஸ்**2 - 5*எக்ஸ் + 6) என்றால் (எக்ஸ் - 3)*(எக்ஸ் - 2) என்று காரணிப்படுத்தும்.

சால்வ்(எக்ஸ்**2 - 5*எக்ஸ் + 6, எக்ஸ்) என்றால் [2, 3] என்று தீர்வுகளைத் தரும்.

வகையிட டிஃப் (கடைசியில் இரண்டு எஃப்), தொகையிட இன்டக்ரேட், சுருக்க சிம்ப்ளிஃபை. வர்க்க மூலத்திற்கு எஸ், க்யூ, ஆர், டி என்ற நான்கு எழுத்துகள். முந்தைய விடையை மீண்டும் பயன்படுத்த, அடிக்கோடு _ ஒன்று போட்டால் போதும். கட்டளையின் பெயருக்குப் பின்னால் ? போட்டு என்டர் தட்டினால் அதன் விளக்கம் வரும்.

டைப் செய்யும் போது கவனிக்க வேண்டியவை

அடுக்குக்கு  ** மட்டுமே போட வேண்டும். பழக்க தோஷத்தில் 2^3 என்று போட்டால் 8 வராது, 1 வரும். பைத்தானில் அந்தக் குறிக்கு வேறு வேலை.

2எக்ஸ் என்று சேர்த்து எழுதினால் பிழைச் செய்தி வரும். 2*எக்ஸ் என்று நடுவில் பெருக்கல் குறி வேண்டும்.

1/3 என்று போட்டால் 0.3333333333333333 என்று தசமமாகிவிடும். சிம்பை கையில் எடுப்பதற்கு முன்பே பைத்தான் வகுத்துவிடுகிறது. எஸ்(1)/3 என்று போட்டால் பின்னமாகவே இருக்கும். இந்த எஸ் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து.

நான் சறுக்கிய இடம்

இனி மகளின் கணக்கிற்கு வருவோம். இரண்டு விடைகளுக்கு நடுவில் == போட்டுக் கேட்டேன். இல்லை என்று பொருள்படும் ஃபால்ஸ் வந்தது. ஆனால் அந்தக் குறி, இரண்டும் கணக்குப்படி சமமா என்று பார்ப்பதே இல்லை. எழுதிய வடிவம் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது. நீங்களே சோதித்துப் பாருங்கள்:

(எக்ஸ் + 1)**2 == எக்ஸ்**2 + 2*எக்ஸ் + 1

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த முற்றொருமை. இதற்கும் ஃபால்ஸ்தான் வரும்! சமமா என்று அறிய, ஒன்றில் இருந்து மற்றொன்றைக் கழித்து சிம்ப்ளிஃபை செய்ய வேண்டும். பூச்சியம் வந்தால் இரண்டும் ஒன்று.

இரண்டாவது சறுக்கல், மாறிலியை மறந்தது. தொகையிட்டால் கடைசியில் கூட்டல் சி என்று எழுத வேண்டும் அல்லவா? சிம்பை அந்த சியைப் போடாது. அது இருப்பதாக நாம்தான் எடுத்துக் கொள்ள வேண்டும். ஆகவே தொகையிடலின் இரண்டு விடைகள் ஒரு மாறிலி அளவுக்கு வேறுபட்டாலும் இரண்டுமே சரிதான்.

இதைச் சோதிக்க இப்படிச் செய்யுங்கள்:

ஏ = சைன்(எக்ஸ்)**2/2
பி = -காஸ்(2*எக்ஸ்)/4
டிஃப்(ஏ - பி, எக்ஸ்)
சிம்ப்ளிஃபை(_)

விடை 0. வித்தியாசத்தை வகையிட்டால் பூச்சியம் என்றால், அந்த வித்தியாசம் எக்ஸோடு மாறவில்லை, வெறும் மாறிலி என்று பொருள். எவ்வளவு அது? எக்ஸ் இருக்கும் இடத்தில் 0 போட்டுப் பாருங்கள்:

(ஏ - பி).சப்ஸ்(எக்ஸ், 0)

1/4 வரும். கைடின் விடைக்கும் மகளின் விடைக்கும் இடையில் எப்போதும் கால் மட்டுமே வித்தியாசம். அந்தக் கால் சிக்குள் அடங்கிவிடும். சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் பெருக்கலை அவள் சைன் 2எக்ஸ் பை 2 என்று மாற்றிப் போட்டிருந்தாள். கைடில் வேறு வழி. அவ்வளவுதான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எக்ஸ் வர்க்கத்தின் வர்க்க மூலம் கேட்டால் எக்ஸ் என்று வரும் என எதிர்பார்ப்போம். சிம்பை கேட்டதை அப்படியே திருப்பித் தரும். பழுது இல்லை. எக்ஸ் மைனஸ் 3 ஆக இருந்தால்? வர்க்கம் 9, அதன் மூலம் 3, மைனஸ் 3 அல்ல. எக்ஸ் மிகை எண் என்று முன்பே அறிவித்தால்தான் எக்ஸ் என்று சுருக்கும். நாம் அவசரத்தில் விட்டுவிடும் இடத்தில் அது நின்று யோசிக்கிறது.

அந்த மாலை இதையெல்லாம் மகளுக்குத் திரையில் போட்டுக் காட்டி, "நான்தான்மா தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "பரவாயில்லப்பா. ஆனா நான் போட்ட ஸ்டெப் எல்லாத்தையும் அழிச்சதுதான் கஷ்டமா இருந்துச்சு" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முதலில் அவள் நோட்டில் போட்டு முடிக்க வேண்டும். பிறகுதான் ஐசிம்பை. அதனிடம் விடை என்ன என்று கேட்பதில்லை. இந்த விடையும் அந்த விடையும் ஒன்றுதானா என்று கேட்கிறோம். 0 வரும்வரை நோட்டில் யாரும் ரப்பரைத் தொடக்கூடாது. உங்கள் வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் இருந்தால் ஒரு விடுமுறை நாளில் அவர்களோடு உட்கார்ந்து முயன்று பாருங்கள். ஆனால் ஃபால்ஸ் வந்தால் என்னைப் போல் அவசரப்பட்டுவிடாதீர்கள்.